மீன்தொட்டிக் குழாயில் ஒரு துண்டு அகர் அகர்

சில வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று நாள் இருந்தபோது, மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் இருந்த எங்கள் லைன் வீட்டுச் சமையலறையில் நடந்தது இது. நான் பினாங்கிலிருந்து லீவில் வந்திருந்தேன். எங்கள் லைனில் ஒரு பழக்கம் உண்டு. தீபாவளிக்கு நாங்கள் இந்து வீடுகளுக்குப் போய்ப் பலகாரம் சுடுவோம்; கிறிஸ்துமஸுக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து சுடுவார்கள். அன்றைக்கு அச்சு முறுக்கு. உட்கார இடமில்லாமல் பெண்கள் கூட்டம். வெளியே தூறல், உள்ளே எண்ணெய்ப் புகை, ஊர்க்கதை, சிரிப்பு. எனக்கு வருடத்தில் அதைவிட நல்ல நாள் கிடையாது.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குழப்பமே அதில்தான் தொடங்கியது.

நான் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், கதீட்டர் என்கிற மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி அந்தக் கட்டியைப் பிடித்து இழுத்துவிடலாம். அந்தக் கதீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பது எங்கள் பொறுப்பு. மனிதர்களிடம் அல்ல, மேசையில். உடம்பில் இரத்தக்குழாய் எப்படியெல்லாம் வளைந்து போகிறதோ அப்படியே வளைத்துச் செய்த கண்ணாடிக் குழாய்கள் இருக்கின்றன. அதில் உடம்புச் சூட்டில் உப்புநீர் ஓடும். செம்மறியாட்டு இரத்தத்தை உறையவைத்து நாங்களே கட்டி செய்து, அதை உள்ளே விட்டு அடைப்பு உண்டாக்குவோம். பிறகு கதீட்டரை விட்டால் அதன் முனையில் ஒரு சின்ன வலை விரிந்து கட்டியைக் கவ்வும். மெதுவாக இழுக்க வேண்டும்.

கட்டி வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகுதான் என் முறை. குழாயின் கடைசியில் ஒரு சல்லடை வைத்திருப்போம். இழுக்கும்போது கட்டி உடைந்து, துணுக்குகள் நீரோட்டத்தோடு தப்பிப் போயிருந்தால் அதில் வந்து நிற்கும். அவற்றைப் பொறுக்கிப் பார்ப்பவள் நான். எது வந்தது என்பதைவிட எது தப்பிப் போனது என்பதுதான் எங்களுக்கு முக்கியம். நிஜமான உடம்பில் அந்தத் துணுக்கு நுரையீரலில் போய் அடைத்தால் ஆள் பிழைப்பதே கஷ்டம்.

வேலை கிடைத்த புதிதில் இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கமாகச் சொன்னேன். அம்மா தேயிலை கிள்ளிக் கிள்ளி என்னைப் படிக்க வைத்தவர். கண் கொட்டாமல் கேட்டுவிட்டு, "மிச்ச ரத்தத்த என்னம்மா செய்வீங்க, பொரிக்க மாட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த முறை நான் வீட்டுக்கு வருவதற்குள் லைன் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. நான் இரத்தக்கட்டி எடுக்கிற டாக்டர்.

திருத்தப் பார்த்தேன். "எல்லாம் ஒண்ணுதான் லா" என்றார் அம்மா. "அவங்களும் ஒயர விட்டு எடுக்கிறாங்க, நீயும் ஒயர விட்டு எடுக்கிற."

"அது ஆட்டு ரத்தம்மா."

"ரத்தம் ரத்தம்தானே."

என்னை டாக்டர் என்று சொல்லும்போது அம்மா முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதை அணைக்க எனக்கு மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். அதன் பலனாக, லீவில் வரும்போதெல்லாம் வாசலில் எனக்காக நோயாளிகள் காத்திருப்பார்கள். நரம்பு சுருண்ட கால், இடுப்பு வலி, எக்ஸ்ரே கவர், ஒருமுறை தீனி எடுக்காத ஒரு பூனை. நான் எல்லோரிடமும் ஒரே வைத்தியம்தான் சொல்வேன். கிளினிக் போய்க் காட்டுங்கள் என்பேன். அவர்களும் பெரிய மருந்து கிடைத்த மாதிரி தலையாட்டிவிட்டு, அம்மா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள். பாவம், வெள்ளந்தியான ஜனங்கள், டாக்டருக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் லைனில் உண்மையான வைத்தியர் அம்மாதான். யாருக்குச் சுளுக்கு என்றாலும், கால் பிடித்துக்கொண்டது என்றாலும் அம்மாவிடம்தான் வருவார்கள். நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுச் சூடாக்கி, கீழிருந்து மேலே உருவிவிடுவார். நொண்டிக்கொண்டு வந்தவர் நடந்து போவதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு அப்படித்தான் வந்தார் பக்கத்து வீட்டு அண்ணன். கூடப்பிறந்தவர் இல்லை, ஆனால் சின்ன வயதிலிருந்து அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். திரிங்காப்பிலிருந்து சிங்கப்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுபவர். அன்று காலைதான் ஒரு நடை முடித்துத் திரும்பியிருந்தார். அண்ணி தாங்கிப் பிடிக்க, இடது காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கிளட்ச் காலு பெரியம்மா" என்றார் அம்மாவைப் பார்த்து. "சிங்கப்பூர்ப் பாலத்துல ஜாம். மிதிச்சு மிதிச்சு வீங்கிப்போச்சு. ஒரு தடவ உருவி விடுங்க. நாளைக்கு மறுபடியும் நடை இருக்கு."

அம்மா உடனே கையைக் கழுவிக்கொண்டு எண்ணெயைச் சுட வைத்தார். அண்ணன் சிலுவாரை முட்டிக்கு மேலே சுருட்டினார். நான் அச்சை எண்ணெயில் முக்கிக்கொண்டே சும்மா திரும்பிப் பார்த்தவள்தான், அப்படியே நின்றுவிட்டேன். வலது கால் சாதாரணமாக இருந்தது. இடது கால் மட்டும் முட்டி வரைக்கும் உப்பி, தோல் இழுத்துப் பளபளவென்று சிவந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. ஆடுசதையை லேசாக அழுத்தியதும் அண்ணன் பல்லைக் கடித்தார். எங்கள் வேலையில் சேருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் பாடமாக நடத்துவார்கள். மணிக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே இருப்பவர்கள், ஒற்றைக்கால் வீக்கம், சூடு. நிச்சயமாகத் தெரியாது. ஆனால் அப்படி இருந்துவிட்டால்? அம்மா எண்ணெய்க் கையோடு குனிந்துவிட்டார்.

"கைய வைக்காதம்மா" என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

அம்மாவுக்கு அதில் கோபமே இல்லை. கூட்டத்தைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். "பாத்தீங்களா, பாத்த உடனே கண்டுபுடிச்சுட்டா. டாக்டர் கண்ணு."

"உள்ளே ரத்தம் கட்டியிருக்கும்போல இருக்குண்ணே. உருவக்கூடாது. இப்பவே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

அண்ணன் அசரவில்லை. "அங்க போனா படுக்க வச்சுருவாங்க லா. பண்டிகை நேரம், மொதலாளி தவுக்கே என்னைய நம்பித்தான் சரக்கு எடுத்திருக்கான். நீதான் கட்டி எடுக்கிறவளாச்சே, அந்த ஒயர விட்டு இழுத்துடேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் என்னை ஒரு எதிர்பார்ப்போடு பார்த்தார், என் பையில் அந்த ஒயர் இருக்கும் என்பதுபோல. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயால் சொல்லி ஆகாது, காட்டினால்தான் ஆகும் என்று தோன்றியது.

மேசையில் சிரப் ஊற்றிச் செய்த சிவப்பு அகர் அகர், அதாவது கடற்பாசி இனிப்பு, தட்டு நிறைய இருந்தது. அப்பாவின் மீன்தொட்டியில் ஒல்லியான கண்ணாடி நிறக் குழாய் ஒன்று உண்டு. அதைப் பிடுங்கினேன். அகர் அகரில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, குழாய்க்குள் குச்சியால் தள்ளினேன். ஒரு முனையைத் தண்ணீர்ப் பைப்பின் வாயில் இறுகப் பிடித்துத் தண்ணீரைத் திறந்தேன். மறுமுனை பேசினுக்குள். தண்ணீர் கட்டிக்குப் பின்னால் தேங்கி நின்று, சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பெண்கள் அடுப்பை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

"இந்தப் பக்கம் காலு. அந்தப் பக்கம் நெஞ்சு. இப்ப அம்மா உருவுற மாதிரி உருவுறேன், பாருங்க."

கட்டை விரலால் அழுத்தி மேலே உருவினேன். அகர் அகர் மூன்று நான்காக உடைந்தது. தண்ணீர் அவற்றைச் சட்டென்று அடித்துக்கொண்டு போய், பேசினுக்குள் பொத்துப் பொத்தென்று துப்பியது. சிவப்புத் துண்டுகள் பேசினில் மிதந்தன. அடுப்பில் கிடந்த முறுக்கு கருகிய வாடை வந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "அது அகர் அகர் லா" என்றார். "இது லோரிக்காரன் காலு." பிறகு அம்மாவின் பக்கம் காலை நீட்டினார். "நீங்க மெதுவா உருவி விடுங்க பெரியம்மா."

அம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ரொம்ப அழுத்தாம, சும்மா தடவி விடுறேன்மா" என்றார். காலமெல்லாம் எத்தனையோ பேர் காலைப் பிடித்துவிட்ட கை, அதற்கு நம்பிக்கை போகவில்லை. எண்ணெய் சொட்டும் அந்தக் கை ஆடுசதைக்கு அருகில் போனது. நான் குறுக்கே போய் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, நான் டாக்டர் இல்ல" என்றேன். "அம்மா சொல்றாங்கன்னு நானும் பேசாம இருந்தேன். நான் ஒரு மனுஷன் கால்லயும் இதுவரைக்கும் ஒயர் விட்டதில்ல. கண்ணாடிக் குழாய்ல ஆட்டு ரத்தத்தப் போட்டு டெஸ்ட் பண்றவ நான். எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனா கட்டி உடைஞ்சா எங்க போகும்னு மட்டும் நல்லாத் தெரியும். தினமும் அததான் பாக்குறேன்."

என் கைக்குள் அம்மாவின் கை தளர்ந்தது. அத்தனை பேர் முன்னால், அதுவும் பண்டிகை வீட்டில், பெற்ற தாயைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேனே என்று இருந்தது எனக்கு. அம்மா துணியை எடுத்து விரல் விரலாக எண்ணெயைத் துடைத்தார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. சுருட்டிய சிலுவாரை இறக்கிவிட்டு, "யாருகிட்ட காடி இருக்கு, போலாம்" என்றார். தன் லோரியிலேயே போய்விடலாம் என்றும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். அண்ணி முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டார்.

மேட்டு வீட்டுக்காரர் ஜீப்பை எடுத்தார். பின்னால் அண்ணன் காலை நீட்டிப் படுத்துக்கொள்ள, அண்ணியும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். விடுமுறைக் கூட்டம் மலையை மொய்த்திருந்தது. ஸ்ட்ராபெரி பார்க்க வந்த காடிகள் வளைவுக்கு வளைவு நின்றன. ஒவ்வொரு குலுங்கலுக்கும் நான் அவர் நெஞ்சைத்தான் பார்த்தேன், மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று. ஊரைக் கேலி பேசும் மனிதர் அன்று வழி நெடுக ஜீப்பின் கூரையையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு ஜெபம்கூட முழுதாக வரவில்லை. உடையாமல் இரு, உடையாமல் இரு என்றே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு மலாய்க்கார இளம் டாக்டர் காலைப் பார்த்ததும் அண்ணனை நடக்கவிடவில்லை. ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் ஈப்போவுக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்ததில் முட்டிக்குப் பின்னாலிருந்து தொடை வரைக்கும் கட்டி இருந்தது. யாராவது உருவினார்களா என்று கேட்டார்களாம். இல்லை என்று அண்ணி சொன்னதும், நல்லவேளை என்றார்களாம். அண்ணிதான் இதையெல்லாம் போனில் சொன்னார்.

வேடிக்கை என்னவென்றால், ஒயருக்கு வேலையே வரவில்லை. இரத்தம் மேலும் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள், வீக்கம் தானாகவே இறங்கத் தொடங்கியது. நான் வருடக்கணக்கில் சோதித்துக்கொண்டிருக்கும் சாமான் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. அப்பாவின் மீன்களும் குழாய் இல்லாமல் பிழைத்துக்கொண்டன.

ஆனால் வீட்டில் கிறிஸ்துமஸ் கொஞ்சம் ஊமையாகத்தான் போனது. அம்மாவுக்குக் கோபமில்லை. சர்ச்சுக்குப் போனார், பிரியாணி செய்தார், எனக்குப் பிடித்த துண்டைத் தேடி எடுத்து வைத்தார். ஆனால் வந்தவர்களிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றேன். "சொல்லலன்னா அவன் கால இந்தக் கைதானே உருவியிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

புது வருடத்துக்கு முன்னால் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். பலகாரத் தட்டோடு பார்க்கப் போனேன். அம்மா வரவில்லை, கூச்சம். அண்ணன் காலில் இறுக்கமான காலுறை போட்டு, தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்.

"உன் ஒயரு ஒண்ணுத்துக்கும் ஆகலயே தங்கச்சி" என்று ஆரம்பித்தார். பழைய ஆள் திரும்பிவிட்டார் என்று சந்தோஷமாக இருந்தது.

"அகர் அகர் வேலைக்கு ஆச்சுல்ல" என்றேன்.

"அகர் அகரா? அதப் பாத்தெல்லாம் நான் ஆஸ்பத்திரிக்குப் போவனா?" என்றார். "நீ டாக்டர் இல்லன்னு சொன்ன பாரு, அதுக்குத்தான் போனேன்."

எனக்குப் புரியவில்லை. அண்ணிதான் தட்டை வாங்கி வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னார். "நீ டாக்டர் இல்லன்னு லைன்ல எல்லாருக்கும் தெரியும்மா. டாக்டருக்குப் படிச்சா எத்தன வருஷம் ஆகும்னு எங்களுக்குத் தெரியாதா? உங்கம்மா அதச் சொல்றப்ப மொகம் எப்புடி இருக்கும், பாத்திருக்கியா. அதப் பாக்கத்தான் நாங்க கேக்குறது. நீ வந்தா காலக் காட்டுறதும் அதுக்குத்தான். அந்த ஒரு வாரம் உங்கம்மா கால் தரையில நிக்காது."

"பூனையுமா?" என்றேன்.

"பூனையும்தான்."

அண்ணன் சிரிக்கவில்லை. "இத்தன வருஷமா நீயும் உங்கம்மாவ விட்டுக்குடுத்ததில்ல" என்றார். "அன்னிக்கு அவங்க கையப் புடிச்சுக்கிட்டு, அத்தன பேரு முன்னாடி சொன்ன. இந்தப் பொண்ணு அவங்கம்மாவையே விட்டுக்குடுக்குதுன்னா, நம்ம கால்ல இருக்கிறது சாதாரண வீக்கம் இல்லன்னு அப்பதான் பயம் வந்துச்சு."

நான் வெளியே வந்து கொஞ்ச நேரம் மழையில் நின்றேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. வெள்ளந்தி ஜனங்கள் என்று நான் யாரை நினைத்தேனோ, அவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து வருடக்கணக்கில் என் அம்மாவுக்கு ஒரு சந்தோஷத்தைக் கட்டிக் காத்திருக்கிறார்கள். அதற்காக இல்லாத வலியை எல்லாம் உண்டாக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்குள் இருந்துகொண்டே எனக்குத் தெரியவில்லை.

இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் வரவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு நான் போனபோது அண்ணி வேண்டுமென்றே சத்தமாக, "டாக்டரம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். அம்மா அச்சை எண்ணெயில் முக்கியபடி நிதானமாகச் சொன்னார். "டாக்டர் இல்ல லா. டாக்டருங்க ஒயர் இருக்குல்ல, அதுக்கு இவ சரின்னு சொன்னாத்தான் டாக்டர் கைக்கே போகும்." அடுப்பைச் சுற்றியிருந்தவர்கள், "அப்படியா பெரியம்மா?" என்று புதிதாகக் கேட்பதுபோல் வாயைப் பிளந்தார்கள். வெளிச்சம் பழையபடி அம்மா முகத்தில் வந்துவிட்டது. அன்றைக்கும் யாரோ காலை நீட்டினார்கள். அம்மா முதலில் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். ஒற்றைக்கால் வீங்கியிருந்தால் இப்போது அவர் தொடுவதே இல்லை, நேராக ஆஸ்பத்திரிதான். அண்ணன் மறுபடியும் லோரி ஓட்டுகிறார். ஜாமில் நிற்கும்போதெல்லாம் இறங்கி நடக்கிறாராம்.

இன்றும் ஒவ்வொரு சோதனை முடிந்ததும் என்ன தப்பிப் போனது என்று பார்க்கச் சல்லடையை எடுக்கும்போது, அத்தனை வருடம் என் கண்ணுக்குத் தப்பிப்போன அந்த லைன் ஜனங்களின் அன்பை நினைத்துக்கொண்டுதான் குனிகிறேன்.